வெர்டா வீட்டு வண்டிக்கு விலை பேசியது

வெர்டா என் சின்னம்மா லிடியாவின் மூன்றாவது மகள். சின்னம்மாவுக்கு ஏழு பிள்ளைகள். இரண்டு பேர் ஒஹாயோவில், ஒருவன் மண்ணுக்குள், மிச்ச நாலு பேரும் இந்தியானாவில் எங்கள் நாப்பனி ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்குள். எல்லாருக்கும் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. எனக்கும் அப்படித்தான். எங்கள் சபைக்காரர்கள் அதற்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதில்லை. வெர்டாவும் நானும் பிறகு, கார் கூடாது என்கிற அந்தக் குதிரைவண்டிச் சபையை விட்டுக் கார் ஓட்டுகிற சபைக்கு வந்துவிட்டோம், ஆனால் வந்த பிறகு யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்.

எங்கள் ஜில்லாவில் வீட்டுக்கு ஓர் ஆளாவது வண்டித் தொழிற்சாலையில் இருப்பார். உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் வைத்து, ஓட்டிக்கொண்டே குடியிருக்கிற வீட்டு வண்டி. வெர்டா தன் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, முப்பத்துநாலாம் வயதில் அங்கே மரவேலைப் பகுதியில் சேர்ந்தாள். கொடுத்த வேலை இழுப்பறை செய்வது. சமையல் மேடைக்கு, கட்டிலுக்கு அடியில், உடுப்பு அலமாரிக்கு. முப்பத்தோரு வருஷம் அது ஒன்றுதான் செய்தாள். நாளைக்கு நாற்பது என்று வைத்துக் கணக்குப் போட்டால் மூன்று லட்சத்தைத் தொடும்.

அங்கே சம்பளம் மணிக்கணக்கு இல்லை, வண்டிக்கணக்கு. காலை ஐந்து மணிக்கு மணி அடித்தால் எல்லாரும் ஓட்டமும் நடையுமாகத்தான் வேலை செய்வார்கள். அன்றைக்கு முடிக்க வேண்டிய வண்டிகளை முடித்துவிட்டால் ஒரு மணிக்கே வீட்டுக்குப் போகலாம். அதனால் எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். மான் வேட்டைப் பருவம் தொடங்குகிற வாரத்தில் செய்த வண்டியை வாங்கக்கூடாது. கை இங்கே இருக்கும், மனசு காட்டில் இருக்கும்.

யார் வேலையில் தப்பு என்று மேஸ்திரி கண்டுபிடிக்க ஆளாளுக்கு ஓர் அடையாளம் போடச் சொல்லியிருந்தார்கள். வெர்டா இழுப்பறையின் அடிப்பலகையில் பென்சிலால் மூன்று கோடு இழுப்பாள், கோழிக்கால் மாதிரி. அந்தக் கோழிக்காலைக் காட்டி யாரும் அவளைக் கூப்பிட்டது மொத்தம் நான்கு தடவை. நாலும் எந்த வருஷம், எந்த வண்டி என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள்.

அவள் புருஷன் ஆர்லி. அவன் பக்கம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, அப்பா வகையில் மிஷிகன்காரர்கள். செய்து முடித்த வண்டிகளை ஓட்டிப்போய் விற்கிற கடைகளில் விட்டுவிட்டு வருவது அவன் தொழில். தங்கமான மனுஷன், ஆனால் விலை பேச ஆகாது. ஒருமுறை தோட்டத்தில் தர்பூசணி விற்கப் போட்டுவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்து அனுப்பினான்.

இத்தனை வண்டி செய்தவளும் இத்தனை வண்டி ஓட்டியவனும் ஒரு ராத்திரிகூட அதில் படுத்ததில்லை. வெர்டா அறுபத்தைந்தில் வேலையை விட்டாள். விட்ட மூன்றாவது மாதம் தொழிற்சாலையில் இழுப்பறை செய்வதையே நிறுத்திவிட்டு வெளியிலிருந்து வாங்கிப் பொருத்த ஆரம்பித்தார்கள். அது அவள் காதுக்கு வந்த அன்று என் வீட்டுக்கு வந்தாள். ஆப்பிள் வைத்த பை பலகாரம் சுட்டு எடுத்து வந்திருந்தாள், சர்க்கரை போட மறந்திருந்தாள்.

"அண்ணே, போன வருச மாடல்தான் கடைசி. அதுக்கப்புறம் வர்றது ஒண்ணுலயும் என் இழுப்பறை கிடையாது. எனக்கு என்னோடது இருக்கற வண்டி ஒண்ணு வேணும். அதுல அரிசோனா போகணும்" என்றாள்.

அந்த மாடலில் விற்றுப் போகாமல் நின்றது நூறு மைல் சுற்றளவில் ஒன்றே ஒன்று. தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கடை. பழைய சிநேகிதத்தில் ஆர்லிதான் விசாரித்து வைத்தான். கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த விலை ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து நானூறு டாலர். ஒட்டியிருக்கிற விலையை எங்கள் ஊரில் யாரும் விலையாக மதிப்பதில்லை. நூற்றுக்கு இருபத்தெட்டுக் கழித்தால் கடைக்காரனுக்கும் நியாயம், வாங்குகிறவருக்கும் நியாயம் என்று முப்பது வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் பேசிக் கேட்டவள் அவள். கழித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தொங்கிய சில்லறையை விட்டுவிட்டு, ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் என்று நிறுத்தினாள். வரிக்கும் நம்பர் பலகைக்கும் தனியாக எடுத்து வைத்தது போக, கையில் இருந்ததும் அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஐந்து ஏக்கரை அக்கா மகனுக்கு விற்ற பணமும் சேமிப்பும். எங்கள் குடும்பத்தில் கடன் வாங்கி யாரும் சக்கரம் வாங்கினதில்லை. அந்த எண்ணுக்கு வரவில்லையென்றால் திரும்பிவிடுவது, அவ்வளவுதான். திரும்பினால் வேறு வண்டியும் இல்லை.

ஆகையால் போகிற வழியில் காரில் எங்களுக்குச் சட்டம் போட்டாள். தொழிற்சாலையில் இருந்தவள் என்று மூச்சு விடக்கூடாது. இந்த வண்டிதான் வேண்டும் என்று முகத்தில் தெரிந்தால் விலை இறங்காது. அவர்கள் கொடுக்கிற காபியைக் குடிக்கக்கூடாது, நம் சாப்பாட்டை நாம் காரில் வந்து சாப்பிடுவோம். "ஆர்லி, உனக்கு ஏதாவது பிடிச்சுதுன்னா ஷூவப் பாரு. வாயத் திறக்காத."

"ஷூ பழசு வெர்டா. அதப் பாத்தா இன்னும் கொறச்சுக் கேப்பாங்களோ?" என்றான் அவன்.

கடையில் எங்களைப் பிடித்தவன் ட்ரென்ட். முப்பது வயதிருக்கும், அத்தர் வாசம் ஆளுக்கு முன்னால் வந்தது. நல்ல பிள்ளைதான், பல் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். வண்டியைச் சுற்றிக் காட்டினான். வெர்டா ஓட்டுநர் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த தகட்டில் செய்த மாதத்தைப் பார்த்தாள். பிப்ரவரி. வெளியில் பனி குவிந்து கிடக்கும், வீட்டுக்குப் போக யாருக்கும் அவசரம் இருக்காது. நல்ல மாதம். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆர்லி வண்டியின் பக்கவாட்டில் மடிந்திருந்த துணிப் பந்தலை விரிக்கிற பொத்தானை அமுக்கிவிட்டு, அது விரிந்து நின்ற அழகைப் பார்த்து, சட்டென்று ஷூவைப் பார்த்தான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

பிறகு மேசைக்கு வந்தோம். ட்ரென்ட் முதலில் கேட்டது, மாதம் எவ்வளவு கட்டினால் வசதி என்று. "மாசமும் இல்ல, வருசமும் இல்ல. மொத்தமா என்னன்னு சொல்லுங்க" என்றாள் வெர்டா. வேறு வேறு வார்த்தையில் மூன்று தடவை கேட்டுப் பார்த்தான். அவளும் அதையே மூன்று தடவை சொன்னாள்.

ஒரு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதி, அவளுக்காக மட்டும் என்று சொன்னான். வெர்டா தன் எண்ணைச் சொன்னாள். அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மேலாளரிடம் போனான். மேலாளர் கண்ணாடி அறையில் இருந்தார், பெயர் கேஸ்கில். அவன் உள்ளே போய் நின்று பேசுவது தெரியும், கேட்காது. வெர்டா பையிலிருந்து ஒட்டுப்போர்வைத் துணியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். அவன் போய் வருவதற்குள் ஒரு துண்டு முடிந்துவிடும். வந்தவன் நாற்பத்தோராயிரம் என்றான். அவள் தன் எண்ணைச் சொன்னாள். மறுபடி போனான். முப்பத்துமூன்றரை. மறுபடி அதே பதில். மத்தியானம் காரில் போய்ப் பன்றிக்கறி ரொட்டியும் பீட்ரூட்டில் ஊறிய முட்டையும் சாப்பிட்டு வந்தோம். வந்து உட்கார்ந்தால் இருபத்தேழு.

"மேடம், கொஞ்சம் நீங்களும் ஏறி வரணும். நான் மட்டும் இறங்கிக்கிட்டே இருக்கேன்" என்றான் ட்ரென்ட்.

"நீங்க கூரை மேல நின்னுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சீங்க தம்பி. நான் தரையிலதான் நின்னேன். நான் எங்க ஏற?"

அவன் சிரித்துவிட்டான். பாவம், அதற்குப் பிறகு அவனுக்கே அவள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் அப்பா, என் சித்தப்பா அம்மோன், ஷிப்ஷெவானா குதிரை ஏலத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். எண்ணைச் சொல்லிவிட்டு வேர்க்கடலை தின்பார். குதிரைக்காரனே வந்து நொண்டுகிறது, குறைத்து எடுத்துக்கொள் என்றால், நொண்டாத குதிரையை நொண்டி என்று சொல்லாதே என்று அவனையே திட்டுவார். அதனால் போன குதிரைகளும் உண்டு.

ஒன்பதாவது துண்டு தைத்து முடித்தபோது கேஸ்கிலே எழுந்து வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், நிதானமான பேச்சு. ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், இதற்குக் கீழே தன் கையில் இல்லை என்றார். வெர்டா இருபத்தோராயிரம் என்றாள். இடையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதில் சிக்கி நின்றது. அவர் இன்னொரு தடவை வண்டிக்குள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று எங்களை அழைத்துப் போனார்.

உள்ளே சமையல் மேடைப் பக்கம் நின்று பேசிக்கொண்டே ஓர் இழுப்பறையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். மேடை ஆடியது, இழுப்பறை வரவில்லை.

"சிக்குது" என்றார்.

"கட்டிலுக்கு அடியில இருக்கறதும் இப்படித்தான் சார். காலையிலயே பாத்தேன்" என்றான் ட்ரென்ட்.

கேஸ்கில் ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது. "சரி மேடம். உங்களுக்கு அதிர்ஷ்டம். இழுப்பறை பழுதுன்னு ஆயிரத்துத் தொள்ளாயிரம் கழிச்சுடறேன். அந்தக் காசை நான் ஃபேக்டரிகிட்ட வாங்கிக்கறேன். எங்க ஆளு இழைச்சுச் சரி பண்ணிக் குடுத்துடுவான். உங்க நம்பர்தான். கை குடுங்க" என்று கையை நீட்டினார்.

ஆர்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஷூவைப் பார்க்க மறந்துவிட்டான். நானும் மூச்சு விட்டேன். காலையிலிருந்து உட்கார்ந்து கிடந்ததற்கு அவள் கையை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. அவள் நீட்டவில்லை. இழுப்பறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்து சிவந்திருந்தது, சின்னம்மாவுக்கும் கோபத்தில் அப்படித்தான் சிவக்கும்.

"அது சிக்கல" என்றாள்.

"பரவாயில்ல மேடம், அதான் சரி பண்ணி…"

"ஒருத்தனும் இழைக்க வேண்டாம்."

முன்னால் போய் ஒரே ஒரு விரலைக் கீழே கொடுத்தாள். அரை அங்குலம் தூக்கினாள், இழுத்தாள். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. "தூக்கி இழுக்கணும். வண்டி வளைவுல திரும்பறப்போ தானாத் திறந்து கரண்டியெல்லாம் கொட்டிடக் கூடாதுன்னு உள்ள ஒரு உதடு வச்சிருக்கு. அந்த உதட்ட இழைச்சீங்கன்னா முதல் திருப்பத்துலயே நடுவழிக்கு வந்துடும்."

இழுப்பறையை முழுசாக உருவித் தலைகீழாகத் திருப்பி மேடை மேல் வைத்தாள். அடியில் மூன்று பென்சில் கோடு.

"இது என்னோடது. முப்பத்தோரு வருசம் இது ஒண்ணுதான் செஞ்சேன். பழுதுன்னு நீங்க எழுதற பேப்பர் நேரா எங்க மேசைக்குத்தான் போகும். அங்க இன்னும் என்கூட வேலை பாத்தவங்க உக்காந்திருக்காங்க. வெர்டா இழுப்பறை சிக்குச்சுன்னு சொல்லி, அதுல நான் காசு வாங்கினேன்னு அவங்க படிக்கணுமா? வேற எதுக்கு வேணாலும் கழிங்க. இதுக்குக் கழிக்காதீங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாள் முழுக்க மூடி வைத்ததையெல்லாம் திறந்து மேடை மேல் வைத்துவிட்டாள்.

கேஸ்கில் கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் கடைக்காரர். கோழிக்காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மெதுவாகச் சிரித்தார். "பழுது இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ கழிவும் இல்ல. இருபத்திரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம். உங்க கைவேல, உங்க வண்டி. இத விட்டுட்டு எங்க போவீங்க?"

ஆர்லி அன்றைக்கு முதல்தடவையாக வாயைத் திறந்தான். "வெர்டா, ஆயிரத்துத் தொள்ளாயிரம்தானே. அந்த ரெண்டு கன்னுக்குட்டிய வித்துட்டா…"

"அது உன் கன்னுக்குட்டி. நீ சும்மா இரு."

இழுப்பறையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தாள். உள்ளங்கையால் ஒரு தட்டு, டக்கென்று உட்கார்ந்தது. கீழே இறங்கி நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். போர்வைத் துணிப் பையை எடுக்க மேசைக்கு வந்தாள். அங்கே விலைத்தாள் கிடந்தது. நாள் முழுக்க மொத்தம், மொத்தம் என்று கேட்டவள், உள்ளே என்னென்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. இப்போது நின்று பார்த்தாள். எங்கள் குடும்பம் படிப்பது மெதுவாகத்தான். வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசையப் படித்தாள். நாலாவது வரியில் விரல் நின்றது.

"இந்த ரெண்டாயிரத்து நூத்தம்பது எதுக்கு?"

ட்ரென்டுக்கு இது மனப்பாடம். வண்டியை ஒப்படைக்கும் முன்னால் செய்கிற சோதனைக் கட்டணம் அது, நூற்று நாற்பது இடம் பார்க்கிறோம், எல்லா வண்டிக்கும் உண்டு என்றான். பெருமையாகச் சோதனைத் தாளையும் எடுத்து வந்து கொடுத்தான். ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு டிக், கீழே ஒரு கையெழுத்து.

வெர்டாவின் விரல் மறுபடி மேலிருந்து இறங்கியது. அடுப்பு, தண்ணீர்க் குழாய், விளக்கு, ஜன்னல். நாங்கள் எல்லாரும் அந்த விரலோடு இறங்கினோம். முக்கால் பக்கத்தில் நின்றது.

"அலமாரி, இழுப்பறை எல்லாம் திறந்து மூடிப் பாத்தாச்சு. டிக் போட்டிருக்கு" என்று படித்தாள். பிறகு நிமிர்ந்து, சத்தமே உயர்த்தாமல் கேட்டாள். "எப்படித் திறந்தீங்க?"

கேஸ்கில் ட்ரென்டைப் பார்த்தார். ட்ரென்ட் வாங்க வருகிறவர்களுக்காக மூலையில் வைத்திருந்த சோளப்பொரி இயந்திரத்தைப் பார்த்தான்.

"இந்தக் கடையில இந்த இழுப்பறையத் திறக்கத் தெரிஞ்ச ஆளே இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் கிடையாது. ஒரு இடம் பாக்காமலே டிக் போட்டவங்க மத்த நூத்து முப்பத்தொம்பத எப்படிப் பாத்திருப்பீங்க? செய்யாத வேலைக்கு நான் காசு குடுக்க மாட்டேன். எங்க ஃபேக்டரியில செய்யாத வண்டிக்கு எனக்கும் யாரும் குடுத்ததில்ல."

கேஸ்கில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேனாவை மேசையில் தட்டினார். பிறகு அந்த நாலாவது வரியை நீளமாக அடித்து, பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். "ஒரு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்தம்பது. ஜெயிச்சுட்டீங்க" என்றார்.

"இல்ல. நான் சொன்னது இருபத்தோராயிரம். நியாயம்னு நெனச்சுத்தான் சொன்னேன். அதுக்குக் கீழ எனக்கு வேண்டாம். மிச்சம் இருநூத்தம்பது இருக்கில்ல, அதுக்கு அந்த நூத்து நாப்பதையும் இப்ப என் கண் முன்னால பாருங்க."

"இருநூத்தம்பதுக்கு ரெண்டு மணி நேரம் எந்த மெக்கானிக்கும் வர மாட்டான் மேடம்."

"ரெண்டாயிரத்து நூத்தம்பதுக்கும் வரலையே."

அப்போது கேஸ்கில் சிரித்த சிரிப்பு காலையிலிருந்து பார்த்த சிரிப்பு இல்லை. கையை நீட்டினார். இந்தத் தடவை வெர்டா கொடுத்தாள்.

பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, முட்டைப் புட்டிக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். எங்கள் ஊர் வங்கியில் எழுதி வாங்கிய செக். சரியாக ஒரு லட்சத்து இருபத்தோராயிரம், முந்தின நாள் தேதி. அவர் தேதியைப் பார்த்தார், தொகையைப் பார்த்தார். ட்ரென்டைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். அவன் நாள் பூரா மேலும் கீழும் நடந்த நடையை நினைத்தானோ என்னவோ, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்துப் பட்டறையிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார்கள். வெர்டா டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே குனிந்தாள், நிமிர்ந்தாள். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே ஒரு குழாய் மூட்டு தளர்ந்திருந்தது. பின்விளக்கு ஒன்று எரியவில்லை. இரண்டையும் சரி செய்தார்கள். இழுப்பறை வரி வந்தபோது மெக்கானிக் விரலைக் கொடுத்துத் தூக்கி இழுத்தார், யாரும் சொல்லித் தரவில்லை. "இந்த மாதிரி இப்ப வர்றதில்ல. நல்ல வேல" என்றார். வெர்டா டார்ச்சை அடுத்த இடத்துக்குத் திருப்பினாள்.

நாலரை மணிக்குக் கிளம்பினோம். ஆர்லி வீட்டு வண்டியை ஓட்டினான், வெர்டா பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் அவர்கள் காரில் பின்னால் வந்தேன். சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த முள்கரண்டி, ஸ்பூன், கத்தி எல்லாவற்றையும் அவள் அந்தச் சமையல் இழுப்பறையில் போட்டதைப் பார்த்திருந்தேன். எங்கள் ஊருக்கு முன்னால் தானியக் கிடங்குப் பக்கம் ஒரு கொண்டை ஊசித் திருப்பம் உண்டு. நாற்பது வருஷம் அடுத்தவர் வண்டியை முட்டை மாதிரி ஓட்டிய ஆர்லி அன்றைக்கு அந்தத் திருப்பத்தில் குறைக்கவே இல்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்து நான் பிரேக்கை அமுக்கினேன்.

திருப்பம் தாண்டி ஓரமாக நிறுத்தினார்கள். என்னமோ ஆகிவிட்டது என்று நான் காரை விட்டு இறங்கி ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். பக்கக் கதவு திறந்தது. வெர்டா படியில் நின்றாள்.

"மூணு இழுப்பறையும் மூடினது மூடினபடி இருக்கு அண்ணே" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "ஆர்லி, இன்னொரு தடவ அந்தத் திருப்பத்துல போ" என்றாள்.